தெற்குச் சுவரோரம் ஒரு நந்தவனம்

ஓம் சரவணபவ. 

கும்பாபிஷேகம் நல்லபடியா முடிஞ்சதிலிருந்து, நம்ம கோயில் தெற்குச் சுவரோரம் சும்மா கிடக்கிற அந்த நீள இடத்தைப் பத்தி வாட்சாப் குழுவில் பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. 40 அடி நீளம், 6 அடி அகலம். புல்லுகூட ஒழுங்கா முளைக்கல. சிமெண்டு போட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தலாம்னு சிலர் சொல்றாங்க. தொட்டியில் பிளாஸ்டிக் செடி வெச்சா செலவு மிச்சம்னு சிலர் சொல்றாங்க. பூச்செடி வைக்கலாம்னு சொன்னவங்களுக்கு "அந்த மண்ணுல ஒண்ணும் வராது" என்று பதில் வந்துவிட்டது.

வரும் நிர்வாகக் கூட்டத்தில் இதுக்கு ஒரு முடிவு எடுப்பாங்க. சிமெண்டு போட்டா அப்புறம் யாரும் உடைக்கப் போறதில்லை. அதனால, அதுக்கு முன்னாடி நந்தவனத்தோட வரலாற்றை ஒரு தடவை பார்த்துடுவோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு கேள்வி. கெடாவில் இவ்வளவு மழை பெய்யுது, அந்த இடம் மட்டும் ஏன் காய்ஞ்சு கிடக்கு?

காரணம் மூணு. ஒண்ணு, கூரை. புதுசா இழுத்துக் கட்டின கூரை சுவருக்கு வெளியே 3 அடி நீட்டிக்கிட்டு இருக்கு. காத்தோட சாய்ந்து பெய்யும் மழை தவிர வேற தண்ணி அந்தக் கூரைக்கு அடியில விழாது. கூரைத் தண்ணி எல்லாம் குழாய் வழியா நேரா லோங்காங்குக்குப் போகுது. ரெண்டு, சூரியன். நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கு. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேலே வரும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைக்கும் அது தெற்குப் பக்கம் சாய்ந்துதான் போகும். அதாவது தெற்குச் சுவருக்கு அந்த மாசங்களில் முழு வெயில். அதிலும் ஜனவரி, பிப்ரவரி நமக்கு மழை குறைஞ்ச காலம். மூணு, கட்டட வேலை. செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, மணல் எல்லாம் அங்கதான் கொட்டினாங்க. மேல் மண் அடியில் போயிட்டுது.

இது சாபம் பிடிச்ச மண் கிடையாது. நாம ஆக்கிய வறட்சி. இந்த வித்தியாசத்தை நம்ம முன்னோர்கள் நல்லா தெரிஞ்சு வெச்சிருந்தாங்க.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலத்தைப் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். மலைக்குக் குறிஞ்சிப் பூ, காட்டுக்கு முல்லைப் பூ, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல் என்று நிலத்துக்குச் செடியின் பேரையே வெச்சாங்க. வறண்ட நிலத்துக்கும் அப்படித்தான். பாலை என்பது ஒரு மரத்தின் பேர். வெயிலில் நின்று வெள்ளையாகப் பூக்கும் மரம். பொட்டல், சுடுகாடு, முள்ளுக்காடு என்று எத்தனையோ பேர் வெச்சிருக்கலாம். ஆனா வறண்ட இடத்துக்கும் அங்கே பூக்கிற ஒன்றைத் தேடிக் கண்டுபிடிச்சு அதன் பேரைத்தான் வெச்சிருக்காங்க.

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் இன்னும் ஒரு படி மேலே போறார். பாலை என்பது தனியா ஒரு நிலம் இல்லையாம். முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் வெயிலில் காய்ந்து, தன் இயல்பு கெட்டுப் போனால் அதுவே பாலை ஆகிவிடுமாம். ஆக, வறட்சி என்பது நிலத்துக்கு வரும் ஒரு நிலைமை. வந்த நிலைமையை மாத்தவும் முடியும். அந்தக் காலத்தில் மழை பொய்த்தா பாலை. நம்ம தெற்குச் சுவருக்கு மழை பொய்க்கல, நாமதான் கூரை போட்டு மறைச்சிருக்கோம். அவ்வளவுதான்.

அடுத்து, கோயிலுக்கு உரிய பூவைப் பத்தி பெரியபுராணம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

அறுபத்துமூவரில் முருக நாயனார் என்று ஒருத்தர் இருக்கார். ஊர் திருப்புகலூர். இவர் போருக்குப் போகல, பெரிய தானம் எதுவும் கொடுக்கல. விடியற்காலையில் எழுந்து குளிச்சுட்டுப் பூப் பறிச்சு, மாலை கட்டி சுவாமிக்குச் சாத்தினார். அந்த ஒரு தொண்டுக்காக நாயன்மார் வரிசையில் இடம் கிடைச்சது. திருஞானசம்பந்தரும் அப்பர் சுவாமிகளும் இவருடைய மடத்தில் வந்து தங்கியிருக்காங்க என்றால் பாருங்க, பூத்தொண்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று.

அவர் பறித்த பூக்களைச் சேக்கிழார் நாலு வகையாகப் பிரிக்கிறார். கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ. கோடு என்றால் மரக்கிளை. கிளையில் பூப்பது, கொடியில் பூப்பது, தரையோடு இருக்கிற சின்னச் செடியில் பூப்பது, தண்ணீரில் பூப்பது. இதைக் கவனிங்க. நிறம், வாசம், விலை எதையும் வெச்சுப் பிரிக்கல. எந்த இடத்தில் வளருது என்பதை வெச்சுப் பிரிச்சிருக்காங்க. ஒரு தோட்டத்துக்குத் திட்டம் போடுறவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. நர்சரிக்குப் போய் கண்ணுக்கு அழகா இருக்கிறதை வாங்கிட்டு வந்து, அப்புறம் எங்க நடலாம்னு யோசிச்சா செடி சாகத்தான் செய்யும். வேலை இடத்தில் புது மெஷின் வாங்குறதுக்கு முன்னாடியே கரண்டு எங்கிருந்து வருது, தண்ணி எங்கிருந்து வருது, தரை தாங்குமா என்று பார்த்துட்டுத்தான் ஆர்டர் கொடுப்போம். செடிக்கும் அதே கணக்குதான்.

திருப்புகலூர் காவிரி பாயும் சோழ நாடு. நீர்ப்பூவுக்கும் குறைவில்லை. நமக்கு நீர்ப்பூ ஆகாது. மீதி மூணு வகையும் ஆகும்.

தண்ணி குறைஞ்ச ஊரில் நந்தவனம் வெச்சவங்க கதையும் நம்மகிட்ட இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையே தடுத்து வெச்சுக்கும். அந்த ஊரில்தான் விஷ்ணுசித்தர் என்கிற பெரியாழ்வார் பெருமாளுக்கு நந்தவனம் வெச்சார். அங்கே ஒரு துளசிச் செடி அடியில்தான் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்பது நாம எல்லாருக்கும் தெரிஞ்ச வரலாறு. இன்னைக்கும் அந்த நந்தவனத்தை அங்கே காட்டுறாங்க. ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்கிற லட்சக்கணக்கான ஜனங்கள், ஒரு தோட்டக்காரர் வளர்த்த பெண்ணுக்குத்தான் தேர் இழுக்கிறாங்க. ஸ்ரீரங்கத்தில் தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் நந்தவனம் வெச்சுப் பூமாலை கட்டியவர்தான்.

திருமலையில் அனந்தாழ்வான் கதை இன்னும் உருக்கமானது. மலை மேலே பெருமாளுக்குப் பூத்தொண்டு செய்ய யார் போவீங்க என்று ராமானுஜர் கேட்டபோது, குளிருக்கும் காட்டுக்கும் பயப்படாமல் எழுந்தவர் அவர். மலைக்குப் போனவர் பூச்செடிக்கு முன்னாடி தண்ணிக்கு வழி பார்த்தார். தானே மண் வெட்டி ஏரி தோண்ட ஆரம்பிச்சார். கர்ப்பமா இருந்த மனைவி மண் சுமந்தாங்க. ஒரு சின்னப் பையன் வந்து அந்த அம்மாவுக்கு உதவி செய்ய, தன் தொண்டில் யாரும் பங்கு கேட்கக்கூடாது என்று அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது பையனின் முகவாயில் பட்டுது. சந்நிதியில் போய்ப் பார்த்தா பெருமாளின் முகவாயில் ரத்தம். இன்னைக்கும் அங்கே பச்சைக்கற்பூரம் சாத்துறாங்க. அந்தக் கடப்பாரை இன்னும் திருமலைக் கோயில் வாசலில் தொங்குது. திருப்பதி போனவங்க பார்த்திருப்பீங்க. கதையில் வரிசையைப் பாருங்க: முதல்ல ஏரி, அப்புறம்தான் பூ.

சைவத்திலும் அப்படித்தான். அப்பர் சுவாமிகள் படத்தில் கையில் என்ன இருக்கு? உழவாரப்படை. புல் செதுக்குகிற கருவி. பாடல் பாடியவர் கையில் தாளம் கொடுக்காமல் புல்வெட்டுற கருவியைக் கொடுத்து வெச்சிருக்கு நம்ம மரபு. கரூரில் சிவகாமியாண்டார் என்கிற வயதான பக்தரின் பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிதறடிச்சதற்காக, எறிபத்த நாயனார் யானையையே வெட்டினார். ஒரு கூடைப் பூவுக்கு அந்த மதிப்பு.

இது புராணம்தானே என்று சொல்றவங்களுக்குக் கல்வெட்டு இருக்கு. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் "திருநந்தவனம்" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ராஜாவும் ராணியும் அதிகாரிகளும் வியாபாரிகளும் நந்தவனத்துக்கு நிலம் எழுதி வெச்சிருக்காங்க. அதில் முக்கியமான விஷயம், தோட்டத்துக்கு மட்டும் நிலம் கொடுக்கல. தோட்டத்தில் வேலை செய்றவங்க சாப்பாட்டுக்கும் தனியா நிலமும் நெல்லும் ஒதுக்கினாங்க. தண்ணி இறைக்கிறது, செடியைப் பார்க்கிறது, பூப் பறிக்கிறது, மாலை கட்டுறது எல்லாத்துக்கும் ஆள் வேணும், அந்த ஆளுக்குச் சாப்பாடு வேணும் என்று 1,000 வருஷத்துக்கு முன்னாடியே கல்லில் வெட்டி வெச்சுட்டாங்க. ஆர்வத்தில் நட்டுட்டு ஆறு மாசத்தில் மறந்து போற வேலையா நந்தவனத்தை அவங்க நினைக்கல.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம்.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கின. ரப்பரின் பூர்வீகம் பிரேசில். அந்த மரம் மலாயா முழுக்கப் பரவினதும், பால் வெட்ட ஆள் தேவைப்பட்டுது. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு என்று பல ஜில்லாவிலிருந்து நம்ம பாட்டன், பூட்டன் கப்பல் ஏறினாங்க. சேலம், வட ஆற்காடு பக்கத்து ஊர்களில் பலதும் மானாவாரி பூமி. கிணத்தில் கவலை ஓட்டியும் ஏத்தம் இறைச்சும் விவசாயம் பார்த்த ஜனங்கள். மழை இல்லாத ஊரிலிருந்து மழை கொட்டுற நாட்டுக்கு வந்தாலும், தண்ணியை வீணாக்காத பழக்கம் கூடவே வந்தது. பழைய தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொதுக் குழாயடியில் வழிஞ்சு ஓடுற தண்ணி சும்மா போகாது. அந்த வாய்க்கால் ஓரம் வாழை, கனகாம்பரம், துளசி, கருவேப்பிலை வரிசையா நிக்கும். யாரும் திட்டம் போட்டுப் படம் வரையல. தண்ணி போற வழியைப் பார்த்துச் செடி வெச்சாங்க.

தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் முனீஸ்வரன் மேடைக்கும் அந்தப் பூதான். கடையில் மாலை வாங்கிய காலம் இல்லை அது. அப்புறம் தோட்டங்கள் கைமாறிச்சு, துண்டாச்சு, தாமானும் தொழிற்பேட்டையும் வந்தது. சில கோயில்கள் இடம் மாறின. சாமியை நாம கூட்டிட்டு வந்துட்டோம், மண்டபம் கட்டிட்டோம், பூச்செடியை மட்டும் கூட்டிட்டு வரல. இன்னைக்கு மதுரைப் பக்கத்து மல்லிகை விமானம் ஏறி நம்ம பூக்கடைக்கு வருது. தைப்பூசம், தீபாவளி வந்தா விலையைப் பார்த்து நாமளே மலைச்சுப் போறோம். மாலை கட்டிப் பிழைக்கிற நம்ம மக்கள் நல்லா இருக்கணும், திருவிழாவுக்கு அவங்ககிட்டதான் வாங்கணும். ஆனா தினசரி காலசந்திக்கு ஒரு கைப்பிடி பூ நம்ம கோயில் மண்ணிலிருந்து வரலாமே.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நாம "நம்ம ஊர்ப் பூ" என்று நினைக்கிற பல பூக்களும் நம்மைப் போலக் கப்பல் ஏறி வந்தவைதான். செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது. அந்திமந்தாரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை மலாய்க்காரர்கள் "புங்கா புக்குல் அம்பாட்" என்பாங்க, நாலு மணிப்பூ என்று அர்த்தம். காகிதப்பூ பிரேசில் பூ, 1760களில் பிரெஞ்சுக்கார மாலுமிகள் அங்கே கண்டு உலகத்துக்குக் காட்டினது. மலாயில் "புங்கா கெர்த்தாஸ்", அதுவும் காகிதப்பூ என்றே அர்த்தம். நித்யகல்யாணி மடகாஸ்கர் தீவுச் செடி. சுடுகாட்டுப்பூ என்று சிலர் முகம் சுளிப்பாங்க, ஆனா ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து அந்தச் செடியிலிருந்துதான் எடுத்தாங்க. நாம சங்குப்பூ என்று சிவனுக்குச் சாத்துறது இங்கே "புங்கா தெலாங்", நாசி கெராபுவுக்கு நீல நிறம் கொடுக்கிறது அதுதான். அம்மனுக்குச் சாத்துற செம்பருத்தி, 1960இல் இந்த நாட்டுத் தேசிய மலர் ஆச்சு, நம்ம புங்கா ராயா. எங்கிருந்து வந்தாலும் வேர் பிடிச்ச மண்ணுதான் ஊர். சாமி பாஸ்போர்ட் கேட்கிறது இல்லை.

புறநானூற்றில் கபிலர் பாரி வள்ளலைப் பத்திப் பாடிய ஒரு பாட்டில் அழகான கருத்து ஒண்ணு வருது. யாரும் விரும்பிச் சூடாத எருக்கம்பூவைக் கொண்டு வந்து கொடுத்தாலும் தெய்வம் வேண்டாம் என்று சொல்லாதாம். எருக்கு எங்கே வளரும்? குப்பைமேட்டில், ரோட்டோரத்தில், தண்ணியே ஊத்தாத இடத்தில். அந்தப் பூதான் நம்ம விநாயகருக்கு விருப்பமான மாலை. தும்பையும் அதே மாதிரி. காய்ஞ்ச தரையில் தானா முளைக்கிற சின்ன வெள்ளைப் பூ, சிவனுக்கு உகந்தது. முருகனுக்கும் துர்க்கைக்கும் சாத்துற செவ்வரளி, வேர் பிடிச்சுட்டா எந்த வெயிலையும் தாங்கும். நம்ம சாமிகளுக்கு உரிய பூக்களில் பாதி வறண்ட இடத்துப் பூ. அப்படி இருக்க, அந்த இடத்தில் ஒண்ணும் வராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி திட்டத்துக்கு வர்றேன். இதுவரை சொன்ன பழைய பாடத்தை நம்ம 40 அடிக்குப் பொருத்தினா இப்படி வரும்.

முதல் வேலை தண்ணி. மேற்கு மூலையில் இறங்குற கூரைக் குழாயை லோங்காங்குக்கு விடாம ஒரு பெரிய தோங்கில் விடுவோம். மூடியும் கொசுவலையும் கட்டாயம், டிங்கி கொசு முட்டை போட இடம் கொடுக்கக்கூடாது. தோங் நிறைஞ்சு வழியற தண்ணி பாத்திக்குள்ள ஓடட்டும். பழைய கோயில்களில் அபிஷேகத் தண்ணி கோமுகி வழியா நந்தவனத்துக்குப் போகும். நம்ம கோமுகி வடக்குப் பக்கம் இருக்கு, அதனால வாளியில்தான் கொண்டு வரணும். பாலும் எண்ணெயும் கலந்தது வேண்டாம், எறும்பு மொய்க்கும், மண்ணும் பிசுபிசுத்துத் தண்ணியை உள்ளே விடாது. கடைசியா ஊத்துற சுத்தத் தண்ணி மட்டும் போதும், தினமும் ரெண்டு வாளி தேறும்.

ரெண்டாவது மண். சுவர் அஸ்திவாரத்துக்கு ஈரம் போகாம இருக்க ஒன்றரை அடி விட்டுக் கல் பரப்பிடுவோம். மீதி நாலரை அடியில் ஒரு அடி ஆழம் வெட்டி, சிமெண்டுக் கட்டி, செங்கல் எல்லாம் சலிச்சு எடுக்கணும். அடியில் தேங்காய் மட்டையை நார்ப் பக்கம் மேலே பார்க்கிற மாதிரி அடுக்கணும். ஊரில் தென்னைக்குச் செய்ற வேலை இது, மட்டை ஸ்பாஞ்சு மாதிரி தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். அதுக்கு மேல நல்ல மண், மக்கின சாணி, நம்ம கோயிலில் கழிக்கிற மாலைகளை மக்க வெச்ச உரம். மாலையில் இருக்கிற நைலான் நூல், ஜிகினா எல்லாம் எடுத்துட்டுத்தான் மக்க வைக்கணும்.

மூணாவது பாத்தி. இங்கே மழை அதிகம் என்பதால் காய்கறிக்கு மேட்டுப்பாத்தி போடுறது வழக்கம். காய்ஞ்ச இடத்துக்கு அது சரிவராது, மேடு சீக்கிரம் உலர்ந்துடும். தரையைவிட நாலு விரல் தாழ்வா, சுத்தி வரப்பு கட்டி, ஊத்தின தண்ணி அங்கேயே நிக்கிற மாதிரி போடணும். பெருமழைக்கு மட்டும் கிழக்கு மூலையில் ஒரு வடிகால். மேலே காய்ஞ்ச இலை, சருகு கொண்டு மூடாக்கு. வெறும் மண்ணு வெயிலைப் பார்க்கக்கூடாது.

நாலாவது பானை. பொங்கலுக்குப் பொங்கின மண்பானைகள் ஸ்டோரில் அடுக்கி இருக்கு. அதில் பெயிண்டு அடிக்காத பானைகளை மட்டும் எடுத்து, ரெண்டு செடிக்கு நடுவில் கழுத்து வரைக்கும் புதைச்சு, தண்ணி நிரப்பி, தட்டு போட்டு மூடிடலாம். பானைச் சுவர் வழியா தண்ணி மெல்லக் கசிஞ்சு வேருக்கு மட்டும் போகும். மேலே ஊத்தி வெயிலில் ஆவியா போற தண்ணி மிச்சம். ரெண்டு, மூணு நாளுக்கு ஒரு தடவை பானையை நிரப்பினா போதும். இது வறண்ட நாடுகளில் ரொம்பக் காலமா இருக்கிற பழக்கம்.

அஞ்சாவதுதான் செடி. தாகத்தை வெச்சுப் பிரிச்சிருக்கேன். தோங் இருக்கிற மேற்கு 10 அடியில் தண்ணி கேட்கிறவங்க: துளசி, செம்பருத்தி, நந்தியாவட்டை. நடுவில் 20 அடி காய்ச்சல் தாங்கிகள்: பின் வரிசையில் 4 அடிக்கு ஒண்ணா செவ்வரளி, ஓரத்தில் ஒரே ஒரு எருக்கு, முன் வரிசையில் தும்பையும் நித்யகல்யாணியும் அந்திமந்தாரையும். சாய்ந்து பெய்யும் மழை கொஞ்சம் எட்டுற கிழக்கு 10 அடியில் கம்பி வலை கட்டிச் சங்குப்பூக் கொடி, கீழே கனகாம்பரம். கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ மூணும் வந்தாச்சு.

வெட்சி, அதாவது இட்லிப்பூ, நிறைய பேர் கேட்டாங்க. சங்க காலத்தில் போருக்குப் போகும்போது சூடின பூ அது. ஆனா சிமெண்டுச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் அதன் இலை மஞ்சளாகிப் போகும். அதை வாசல் பக்கத்து நல்ல மண்ணில் வைப்போம்.

ஒரு எச்சரிக்கை. அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டா ஆபத்து. அதனால இந்த ரெண்டும் பின் வரிசையில், சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டாம வேலிக்கு உள்ளே இருக்கும். மஞ்சள் அரளி வேண்டவே வேண்டாம், அதன் காய் உயிருக்கே ஆபத்து. பறிக்கிறவங்க கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.

நடுறதுக்கு நல்ல காலம் செப்டம்பர். அப்போ பிடிக்கிற மழை நவம்பர் வரைக்கும் இருக்கும். ஜனவரி வெயில் வர்றதுக்குள்ள வேர் கீழே இறங்கிடும். வறட்சி தாங்குற செடியும் முதல் மூணு மாசம் குழந்தை மாதிரிதான், தினமும் தண்ணி கேட்கும். அதுக்கப்புறம்தான் அது நம்மை விட்டுத் தனியா நிக்கும்.

இங்கதான் சோழர் கல்வெட்டு திரும்ப ஞாபகத்துக்கு வருது. நிலம் கொடுத்தா மட்டும் போதாது, ஆளுக்கும் ஏற்பாடு வேணும். நம்மால் நிலம் எழுதி வைக்க முடியாது. பேர் எழுதி வைக்கலாம். வாரத்துக்கு ஏழு நாள், ஏழு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள், காலையில் அரை மணி நேரம். ரெண்டு வாளி தண்ணி, கொஞ்சம் களை, ஒரு கூடைப் பூ. தேவார வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கொடுக்கலாம். முருக நாயனார் பேரைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்றதைவிட, ஒரு நாள் அவர் செஞ்ச வேலையைச் செஞ்சு பார்க்கட்டும்.

மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் வேணும் என்கிறதும் நியாயமான கோரிக்கைதான். முன் வாசல் இடது பக்கம் இருக்கிற கல் தரையை ஒழுங்குபடுத்தினா அதுக்கு இடம் கிடைக்கும். தெற்குப் பக்கம் சிமெண்டு போட்டா, அந்தச் சூடு சுவரில் ஏறி, ஏற்கனவே புழுங்குற மண்டபம் இன்னும் புழுங்கும். அதையும் நிர்வாகம் யோசிக்கணும் என்று பணிவோடு கேட்டுக்கிறேன்.

கூட்டத்துக்கு முன்னாடி உங்க கருத்தைக் கீழே எழுதுங்க. எதிர்க்கருத்து இருந்தாலும் எழுதுங்க ஐயா, தப்பில்லை. வீட்டில் செவ்வரளி வெச்சிருக்கிற அக்கா, அண்ணன்மார் ஒரு முழக் குச்சி வெட்டிக் கொடுத்தா அதுவே வேர் பிடிக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். அந்திமந்தாரை, சங்குப்பூ விதை வெச்சிருக்கிறவங்களும் சொல்லுங்க. நிர்வாகம் சம்மதிச்சா மண் வெட்டுற நாளை அறிவிக்கிறோம், கோத்தோங் ரோயோங் போட்டு ஒரே நாளில் முடிச்சிடலாம். சங்கூள் இருந்தா கையோட கொண்டு வாங்க. காலைப் பசியாறல் கோயிலில்.

எந்தக் கிழமை உங்க குடும்பத்துக்கு வசதி என்பதையும் சேர்த்து எழுதிடுங்க. திங்கட்கிழமைக்கு எங்க வீட்டுப் பேரைப் போட்டுக்கலாம். மீதி ஆறு நாள் காலியா இருக்கு.

திருச்சிற்றம்பலம்.